பெரிய பெயரா, காலி இடமா? ரெட் சாக்ஸின் 2003 குளிர்காலம்

ஓர் அணி தோற்ற மறுநாளே அதற்கு என்ன குறை என்று சொல்ல ஆயிரம் பேர் வந்துவிடுவார்கள். அந்தக் குறையை நிரப்ப யாரைக் கொண்டுவருவது, என்ன விலை கொடுப்பது, பதிலுக்கு எதை விட்டுத்தருவது என்று கேட்டால் கூட்டம் பாதியாகக் குறைந்துவிடும். நிரப்பியது உண்மையான குறைதானா என்று ஓராண்டு கழித்துத் திரும்பிப் பார்ப்பவர்களோ மிகச் சிலர். அமெரிக்க பேஸ்பாலில் இந்தக் கேள்விகள் எழும் காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மைதானங்கள் பூட்டிக் கிடக்கும். அலுவலகங்களில் மட்டும் விளக்கு எரியும். அப்படிப்பட்ட குளிர்காலங்களில் ஆராய்ந்து பார்க்க மிகவும் தகுதியானது என்று நான் கருதுவது, பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் 2003-04 குளிர்காலம். அணியின் குறைகள் வெளிப்படையாகத் தெரிந்தன. அவற்றை நிரப்ப எடுத்த முயற்சிகள் பதிவாகியுள்ளன. விளைவு பதினோரு மாதத்துக்குள் உலகத்துக்கே தெரிந்துவிட்டது.

முதலில் சந்தையைப் பற்றி ஒரு வார்த்தை. ஐ.பி.எல். ஏலத்தில் நாம் பார்ப்பதுபோல இரண்டு நாளில் சுத்தியல் தட்டி முடிகிற காரியம் அல்ல இது. பெரிய லீக்கில் ஆறு ஆண்டு சேவை முடித்து, கையில் ஒப்பந்தமும் இல்லாத ஆட்டக்காரர் சுதந்திரமானவர். எந்த அணியோடும் பேசலாம். மற்றவர்களை வேண்டுமென்றால் அவர்களை வைத்திருக்கும் அணியிடம் பண்டமாற்றுச் செய்ய வேண்டும். பெரும்பாலும் வளர்ந்துவரும் இளைஞர்கள்தான் அந்தப் பண்டம். இன்னொரு வழியும் உண்டு. வேறோர் அணி சம்பளம் கட்டுப்படியாகாது என்று கைவிட்டவரை எடுத்துக்கொள்வது. சம்பளத்துக்கு உச்சவரம்பு கிடையாது. ஆனால் 2004இல் மொத்தச் சம்பளம் 12.05 கோடி டாலரைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும் என்ற விதி இருந்தது. ஆகவே ஒரு இடத்துக்கு அதிகம் செலவழித்தால் இன்னொரு இடத்தில் கை இறுகும். தேவையையும் ஆசையையும் பிரித்தறிய வேண்டிய கட்டாயம் இந்த இடத்தில்தான் வருகிறது.

2003 அக்டோபர் 16. யாங்கீ ஸ்டேடியத்தில் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிராக அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 5-2 என்று முன்னிலையில் இருந்தது. பிட்சர் பெட்ரோ மார்டினஸ் அதற்குள் நூறு பந்துகள் வீசிவிட்டார். நூறைத் தாண்டினால் அவர் அடிவாங்குகிறார் என்பதை அந்த ஆண்டின் கணக்குகள் காட்டியிருந்தன. ஜீட்டர் அடித்தார், வில்லியம்ஸ் அடித்தார். மேலாளர் கிரேடி லிட்டில் மேட்டுக்கு நடந்து வந்தார், பேசினார், பெட்ரோவை விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். மட்சுயி அடித்தார். பொசாடா தூக்கிய பந்து ஆளில்லாத இடத்தில் விழுந்தது. 5-5. பதினோராவது இன்னிங்ஸில் டிம் வேக்ஃபீல்ட் வீசிய முதல் பந்தையே ஆரன் பூன் ஹோம் ரன்னாக்கினார். 1918க்குப் பிறகு உலகத் தொடர்ப் பட்டமே வெல்லாத பாஸ்டன் மறுபடியும் வீட்டுக்குப் போனது.

பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்றதால் வந்த சாபம் என்று இதற்கு விளக்கம் சொல்லும் வழக்கம் அந்த ஊரில் பல காலமாக இருந்தது. அந்தப் பேச்சின்மேல் எனக்குப் பொறுமை கிடையாது. சாபம் என்று சொல்லிவிட்டால் அணிப்பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. அதைத் திறந்து பார்த்தவர் தியோ எப்ஸ்டீன். பொது மேலாளராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 28. 2003 குளிர்காலம் அவருக்கு இரண்டாவது.

பட்டியல் சொன்னது இதுதான். மட்டையடியில் குறையே இல்லை. 2003இல் பாஸ்டன் 961 ரன் எடுத்திருந்தது. அடியின் வலிமையை அளக்கும் ஸ்லக்கிங் கணக்கில் 1927 யாங்கீஸின் நீண்டகாலச் சாதனையையே முறியடித்திருந்தது. அந்தப் பலமும் பெரும்பாலும் முந்தைய குளிர்காலத்தில் மலிவாகச் சேர்த்தது. மினசோட்டா விடுவித்துவிட்ட டேவிட் ஓர்டீஸ் 12.5 லட்சம் டாலருக்கு வந்து 31 ஹோம் ரன் அடித்தார். யாரும் பெரிதாகப் பேசாத பில் மியூலர் லீக்கின் பேட்டிங் பட்டத்தையே வென்றார். குறையெல்லாம் பந்து வீசும் பக்கம்தான். பெட்ரோவுக்குப் பின்னால் வந்த டெரக் லோ 17 ஆட்டம் வென்றிருந்தாலும், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன் 4.47. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஜான் பர்கெட்டின் கணக்கு 5.15, அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ்களைக் காப்பாற்றும் க்ளோசர் இடம் ஆண்டு முழுக்கக் கைமாறிக்கொண்டே இருந்தது. இரண்டாம் பேஸுக்கு ஆள் இல்லை. மேலாளரும் இல்லை, லிட்டிலின் ஒப்பந்தத்தை அக்டோபர் 27 அன்று அணி நீட்டிக்க மறுத்தது.

க்ளோசர் விஷயத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு நல்ல யோசனை அநியாயமாகக் கெட்ட பெயர் வாங்கியது. பேஸ்பால் புள்ளிவிவரத்தின் தந்தை என்று மதிக்கப்படும் பில் ஜேம்ஸை 2002 நவம்பரில் ரெட் சாக்ஸ் ஆலோசகராக அமர்த்தியது. சிறந்த பிட்சரை ஒன்பதாவது இன்னிங்ஸுக்கென்று பூட்டிவைக்காதே, ஆட்டத்தின் மிக ஆபத்தான கட்டம் எதுவோ அப்போது இறக்கு என்பது அவருடைய வாதம். அது ஏழாவது இன்னிங்ஸாகக்கூட இருக்கலாம். ஆனால் பாஸ்டன் 2003ஐத் தொடங்கியபோது அப்படி இறக்கத் தகுந்த ஆள் ஒருவர்கூட அணியில் இல்லை. நடுத்தரமான பலர் இருந்தார்கள். தம்பா பேவில் முதல் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸுக்கு 4-1 முன்னிலையோடு போனவர்கள், கார்ல் க்ராஃபோர்ட் அடித்த ஹோம் ரன்னில் 6-4 என்று தோற்றார்கள். பத்திரிகைகள் அதைக் கமிட்டி முறை என்று கேலி செய்தன. யோசனையில் பிழை இல்லை, ஆள்தான் இல்லை. அக்டோபர் ஆட்டங்களில், கடைசி இன்னிங்ஸ்களுக்கு இறங்கும் டிம்லினும் எம்ப்ரீயும் வில்லியம்சனும் நன்றாகவே வீசினார்கள். ஆனால் அந்த ஏழாவது ஆட்டத்தின் இரவில் மேலாளர் அவர்களை நம்பவில்லை. களைத்துப்போன பெட்ரோவை நம்பினார். பல மாதங்கள் நிலையாக இல்லாத ஓர் இடம் மேலாளரின் மனத்தில் என்ன செய்யும் என்பதற்கு அந்த எட்டாவது இன்னிங்ஸே சாட்சி.

முதல் வேலையாக எப்ஸ்டீன் கர்ட் ஷில்லிங்கைத் தேடிப் போனார். அரிசோனா சம்பளச் செலவைக் குறைக்க விரும்பியது. ஷில்லிங்குக்கு 37 வயது. அந்த ஆண்டு அவருடைய வெற்றி தோல்விக் கணக்கு 8-9. குடல்வால் அறுவை சிகிச்சையும் கை எலும்பு முறிவும் வேறு. மேலோட்டமாகப் பார்த்தால் இறங்குமுகத்தில் இருக்கும் ஆட்டக்காரர். ஆனால் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்தது 2.95 ரன்தான். 168 இன்னிங்ஸில் 194 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். நடையாக முதல் பேஸுக்கு அனுப்பியது வெறும் 32 பேரை. பிட்சரின் வெற்றிக் கணக்கு அவருடைய அணி எத்தனை ரன் எடுத்தது என்பதைப் பொறுத்தது. ஸ்ட்ரைக் அவுட்டும் நடையும் அவர் கையிலேயே இருப்பவை. எந்த எண்ணைப் பார்ப்பது என்று தெரிந்திருந்ததால்தான் பாஸ்டன் துணிந்து போனது.

விலை, நான்கு இளைஞர்கள். பெரிதாகப் பேசப்பட்டவர் கேஸி ஃபாஸம். அவர் மறு ஆண்டு அரிசோனாவில் 4 ஆட்டம் வென்று 15 தோற்றார். ஆனால் ஷில்லிங் சம்மதிக்காமல் எதுவும் நடக்காது. பண்டமாற்றை மறுக்கும் உரிமை அவர் ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் மனம் ஃபிலடெல்ஃபியா பக்கமும் யாங்கீஸ் பக்கமும் இருந்தது. பேசி முடிக்க 72 மணி நேரக் கெடு. ஷில்லிங்குக்கு ஏஜென்ட் கிடையாது, தானே பேசுபவர். எப்ஸ்டீன் அரிசோனாவில் அவர் வீட்டுக்கே போனார். நடுவே நன்றி நவிலல் நாள் வந்தது. அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து விருந்து சாப்பிட்டார். பந்தை உயரத் தூக்கியடிக்க விடும் பிட்சருக்கு, அருகிலேயே 37 அடிச் சுவர் நிற்கும் ஃபென்வே பார்க் ஆகாது என்பது ஷில்லிங்கின் கவலை. அதற்குப் பதிலாகப் புகழ்ச்சியை அல்ல, கணக்குகளை எடுத்து வைத்தார்கள். நவம்பர் 28 அன்று அவர் கையெழுத்திட்டார். ஒப்பந்தம் 2005, 2006 ஆண்டுகளுக்கும் நீண்டது; அந்த இரண்டு ஆண்டுகளுக்கு 2.55 கோடி டாலர். உலகத் தொடரை வென்றால் கூடுதல் பலன் என்ற பிரிவையும் அவரே எழுதிச் சேர்த்தார். 1986இல் அவரை முதன்முதலில் தேர்ந்தெடுத்ததும், இரண்டு ஆண்டில் பால்டிமோருக்குக் கைமாற்றியதும் இதே பாஸ்டன்தான்.

அடுத்த வாரமே டெர்ரி ஃபிராங்கோனா மேலாளரானார். ஃபிலடெல்ஃபியாவில் ஷில்லிங்கை நடத்திய அனுபவம் உள்ளவர். பிறகு கீத் ஃபோக். ஓக்லாந்தில் 2003இல் 43 ஆட்டங்களைக் காப்பாற்றி லீக்கில் முதலிடம் பிடித்தவர். க்ளோசர் என்றால் இடிபோல வேகப்பந்து வீசுபவர் என்றுதான் ரசிகர்கள் நினைப்பார்கள். ஃபோக்கின் வேகம் சாதாரணம். அவருடைய ஆயுதம் சேஞ்ச்அப். வேகப்பந்துக்கு வரும் அதே கை வீச்சோடு வரும். பந்து மட்டும் தாமதமாக வந்து சேரும். பேட்டர் முன்கூட்டியே சுற்றிவிட்டு நிற்பார். சுதந்திரச் சந்தையில் கிடைத்த அவரை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். பில் ஜேம்ஸின் யோசனைக்கு இல்லாமல் போன ஆள் கடைசியில் கிடைத்துவிட்டார்.

இரண்டாம் பேஸுக்கு வந்த இருவரைப் பற்றி அந்தக் குளிர்காலத்தில் யாரும் பெரிதாக எழுதவில்லை. போக்கி ரீஸ் தடுப்பதில் கெட்டிக்காரர், மட்டை பலவீனம். மார்க் பெல்ஹார்ன் நேரெதிர். 2003இல் அவருடைய பேட்டிங் சராசரி .221, கொலராடோ சுலபமாகவே விட்டுக்கொடுத்தது. எண்ணற்ற முறை ஸ்ட்ரைக் அவுட் ஆவார். ஆனால் கெட்ட பந்தைத் தொடமாட்டார், பொறுமையாக நின்று நடை வாங்கி முதல் பேஸுக்குப் போவார். 2004இல் 177 ஸ்ட்ரைக் அவுட்டோடு 88 நடையும் வாங்கி, பேஸை அடையும் விகிதத்தை .373 ஆக்கினார்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது செய்தித்தாள்களில் வேறொரு கதை ஓடியது. அலெக்ஸ் ரோட்ரிகஸ். டெக்ஸஸுடன் 25.2 கோடி டாலருக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் வைத்திருந்தவர், அந்த ஆண்டின் மதிப்புமிக்க ஆட்டக்காரர். அவரைச் சுமக்க முடியவில்லை என்றது டெக்ஸஸ். பாஸ்டனுக்கும் ஒரு சுமை இருந்தது. மேனி ராமிரஸின் 16 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஐந்து ஆண்டு மீதி. அக்டோபர் இறுதியில் அவரை, வேண்டுமென்பவர்கள் சம்பளத்தோடு எடுத்துக்கொள்ளலாம் என்று பாஸ்டன் திறந்து வைத்தது. ஓர் அணிகூடக் கை நீட்டவில்லை. ஆகவே மேனியை டெக்ஸஸுக்குக் கொடுத்து ரோட்ரிகஸை வாங்குவது, அதனால் இடமில்லாமல் போகும் ஷார்ட்ஸ்டாப் நோமார் கார்சியாபாராவை சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு அனுப்பி மக்லியோ ஒர்டோன்யெஸைப் பெறுவது என்று திட்டம் விரிந்தது. மேனியோடு ஜான் லெஸ்டர் என்ற இளம் பிட்சரும் போவதாகப் பேச்சு.

சம்பளக் கணக்கு ஒத்துவர, ரோட்ரிகஸே தன் ஒப்பந்தத்தில் ஏறத்தாழ 2.8 கோடி டாலரைக் குறைத்துக்கொள்ள முன்வந்தார். ஆட்டக்காரர் சங்கம் அதைத் தடுத்தது. ஒப்பந்தத்தைத் திருத்துவதானால் அதனால் ஆட்டக்காரருக்கு நன்மை இருக்க வேண்டும் என்பது கூட்டு உடன்படிக்கையின் விதி. டிசம்பர் நடுவில் பேச்சு முறிந்தது. சங்கம் ஓர் ஊரின் கனவைக் கெடுத்தது என்று அன்று பலர் எழுதினார்கள். சங்கம் செய்ததே சரி என்பது என் கருத்து. முதலிடத்தில் இருப்பவரே சம்பளத்தை வெட்டிக்கொள்ளச் சம்மதித்தால், நாளை நடுத்தர ஆட்டக்காரரின் மேசையில் அதே காகிதம் வரும். அவரால் மறுக்க முடியாது.

ரோட்ரிகஸ் மகத்தான ஆட்டக்காரர். அதற்குப் பிறகும் 2005, 2007 ஆண்டுகளில் அதே விருதை வென்றார். ஆனால் 961 ரன் எடுத்த அணிக்கு அவர் தேவையா? அவர் வந்திருந்தால் மட்டையடி இன்னும் கொஞ்சம் சிறக்கும். ஷார்ட்ஸ்டாப்பில் தடுப்பும் சிறக்கும், அதை மறுக்க முடியாது. பிட்சிங்கில் ஓர் ஓட்டைகூட அடையாது. பாஸ்டன் நிர்வாகத்துக்கு இதில் முழு மதிப்பெண் போட எனக்கு மனமில்லை. அவர்களும் அந்தப் பெயருக்கு ஆசைப்பட்டார்கள், வெளியிலிருந்து வந்த ஒரு மறுப்பு காப்பாற்றியது. அவர்களுக்குரிய பெருமை வேறு: ரோட்ரிகஸ் பேச்சு முறிவதற்கு முன்பே ஷில்லிங் கையெழுத்திட்டிருந்தார். ஆசையில் இறங்குமுன் முதல் தேவையை முடித்துவிட்டார்கள்.

யாங்கீஸின் குளிர்காலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். உலகத் தொடரில் வீசிய பெட்டிட், கிளெமன்ஸ், வெல்ஸ் மூவரும் அணியில் இல்லாமல் போனார்கள். அந்த இடங்களுக்கு கெவின் பிரவுனும் ஹவியர் வாஸ்கெஸும் வந்தார்கள். பிரவுன் 39 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். காயங்களின் நீண்ட பட்டியலும் அவரோடு வந்தது. ஜனவரியில் ஆரன் பூன் கூடைப்பந்து ஆடப்போய் முழங்கால் தசைநாரைக் கிழித்துக்கொண்டார். மூன்றாம் பேஸ் காலி. பிப்ரவரியில் அல்ஃபோன்ஸோ சொரியானோவைக் கொடுத்து ரோட்ரிகஸை வாங்கினார்கள், டெக்ஸஸ் 6.7 கோடி டாலர் சம்பளத்தைத் தானே ஏற்றது. அந்த ஆண்டு யாங்கீஸின் சம்பளப் பட்டியல் 18.4 கோடி, பாஸ்டனுடையது 12.7 கோடி. நாடே யாங்கீஸ் வென்றுவிட்டதாகப் பேசியது. அவர்களுடைய பிட்சிங் வரிசையில் உறுதியாக நம்பக்கூடியவர் எத்தனை பேர் என்ற கேள்வி அந்த ஆரவாரத்தில் அமுங்கிப் போனது.

பாஸ்டனும் ஒரு குறையைக் கவனிக்காமல் விட்டது. தடுப்பாட்டம். பிட்சிங்கை இவ்வளவு கவனமாகச் சீர்செய்தவர்கள், அந்தப் பந்துகளைப் பிடிக்க வேண்டிய உள்வட்டத்தைப் பாதிதான் கவனித்தார்கள். கார்சியாபாரா காயத்தோடு தொடங்கினார். தன்னை விற்கப் பார்த்தார்கள் என்ற மனக்கசப்பும் அவருக்கு இருந்தது. கோடை நடுவில் அணி தடுமாறியது. ஜூலை 31 அன்று, ஊரே கொண்டாடிய கார்சியாபாராவை நான்கு அணிகள் சேர்ந்த பண்டமாற்றில் சிகாகோ கப்ஸுக்கு அனுப்பிவிட்டு, ஷார்ட்ஸ்டாப் ஒர்லாண்டோ கப்ரேராவையும் முதல் பேஸ் காவலர் டக் மென்ட்கேவிச்சையும் வாங்கினார்கள். தனியாக, வேகமாக ஓடக்கூடிய டேவ் ராபர்ட்ஸும் வந்தார். டிசம்பரில் தீர்த்திருக்கக்கூடியதை ஜூலையில் தீர்த்ததற்கு ஊரின் செல்லப்பிள்ளை விலையாகப் போனார்.

2004 அக்டோபரில் அதே இரு அணிகள், அதே கட்டம். முதல் மூன்று ஆட்டமும் யாங்கீஸுக்கு. நான்காவது ஆட்டத்தில் ஒரு ரன் பின்தங்கிய நிலையில் ஃபிராங்கோனா ஃபோக்கை அழைத்தது ஒன்பதாவது இன்னிங்ஸில் அல்ல, ஏழாவதில். அவர் ஐம்பது பந்து வீசினார், ரன் கொடுக்கவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் ராபர்ட்ஸ் இரண்டாம் பேஸைத் திருடினார், மியூலர் அடித்து அவரை ஹோம் பேஸுக்குக் கொண்டுவந்தார்; ஆட்டம் சமனாகி, பிறகு பாஸ்டன் வென்றது. மறுநாளும் ஃபோக், அதற்கு மறுநாளும் ஃபோக். மூன்று நாளில் ஏறத்தாழ நூறு பந்துகள். ஆறாவது ஆட்டத்தில் ஷில்லிங் தையல் போட்ட கணுக்காலோடு, காலுறையில் இரத்தம் கசிய ஏழு இன்னிங்ஸ் வீசினார். அந்த ஆட்டத்தின் மூன்று ரன் ஹோம் ரன் பெல்ஹார்னுடையது. ஏழாவது ஆட்டத்தில் யாங்கீஸுக்கு வீச வந்தவர் கெவின் பிரவுன். செப்டம்பரில் கோபத்தில் சுவரைக் குத்திக் கையை உடைத்துக்கொண்டு திரும்பியிருந்தவர். இரண்டாவது இன்னிங்ஸைக்கூட முடிக்கவில்லை. அவருக்குப் பதிலாக வந்த வாஸ்கெஸின் முதல் பந்தையே, பேஸ்கள் நிறைந்திருக்க, ஜானி டேமன் ஹோம் ரன்னாக்கினார். 10-3 என்று பாஸ்டன் வென்றது. பிறகு உலகத் தொடரில் செயின்ட் லூயிஸுக்கு எதிராக நான்குக்கு நான்கு. தொடரின் சிறந்த ஆட்டக்காரர், ஓராண்டுக்கு முன் யாரும் இலவசமாகக்கூட எடுக்காத மேனி ராமிரஸ்.

அதிர்ஷ்டத்தின் பங்கை மறைக்கக்கூடாது. 162 ஆட்டங்களில் 157ஐ ஐந்தே பிட்சர்கள் தொடங்கினார்கள். ஆண்டு முழுக்க ஐவரும் நலமாக இருப்பது எந்தத் திட்டத்திலும் எழுத முடியாதது. ஷில்லிங்கின் கணுக்கால் ஒரு மாதம் முன்னதாகக் கெட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனாலும் அதிர்ஷ்டம் வந்தபோது அதைப் பயன்படுத்திக்கொள்ளச் சரியான ஆள் சரியான இடத்தில் இருந்தார் என்பது குளிர்காலத்தின் வேலை.

அந்தக் குளிர்காலத்தின் சிறந்த கொள்முதல் எது என்று கேட்டால் பெரும்பாலோர் ஷில்லிங் என்பார்கள். 21 வெற்றி, 6 தோல்வி என்ற கணக்கும் அவர்கள் பக்கம் நிற்கும். என் விடை கீத் ஃபோக். அந்த அக்டோபரில் 11 ஆட்டங்களில் 14 இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ரன் கொடுத்தார். 86 ஆண்டுக் காத்திருப்பை முடித்த கடைசிப் பந்தை வீசியவரும், திரும்பி உருண்டு வந்ததைப் பிடித்து முதல் பேஸுக்குத் தட்டிவிட்டவரும் அவரே. அதற்குப் பிறகு அவருடைய முழங்கால்கள் தாங்கவில்லை. 2005இல் கணக்கு 5.91க்கு ஏறியது, ஃபென்வேயில் அவரைக் கூச்சலிட்டு விரட்டினார்கள், 2006 முடிந்ததும் அணியை விட்டுப் போனார். பாஸ்டன் அவருக்குக் கொடுத்த மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் பயன் தந்தது ஓர் ஆண்டுதான். அந்த ஓர் ஆண்டுக்காகவே மொத்தத் தொகையும் தகும்.